கடலுக்கு முதுகு காட்டிய சிலைகளும் எங்கள் பெட்டிப் பிள்ளையாரும்

பசிபிக் கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ஒரு தீவில், எப்போதோ வாழ்ந்த மக்கள் எதற்காகக் கற்சிலைகளை எழுப்பினார்கள் என்பது குறித்து நான் வழங்கும் தீர்ப்பு, ரொறொன்ரோவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் திங்கட்கிழமை பின்னேரம் எங்கே இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கலாமா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்தது. கையில் ஒலிவாங்கி, எதிரே மடிப்புக் கதிரைகளில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அயலவர்கள். நான் பட்டிமன்ற நடுவர். சமூகவியலில் பட்டம் பெற்றவள் என்பதாலும், ஒரு தக்காளியைத் தெரிந்தெடுக்கவே நெடுநேரம் யோசிப்பவள் என்று கட்டடம் முழுவதும் பெயர் வாங்கியிருந்ததாலும் அந்தப் பதவி எனக்குக் கிடைத்திருந்தது. எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டாள் என்பது என்மீது இரு தரப்பும் வைத்திருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை அன்று எனக்குப் பெரிய சுமையாகிவிட்டது.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த உயர்மாடிக் கட்டடத்தின் நிலத்தளத்தில் ஒரு பொது அறை இருந்தது. சன்னல் ஒன்றே ஒன்று. அதன் வழியே பக்கத்துக் கட்டடத்தின் குப்பைத் தொட்டிகள் தெரியும். ஒரு மூலையில், சாப்பாடு குளிர்பதனம் செய்கிற பழைய, கனத்த பிறிட்ஜ் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். மறுமூலையில், குளிர்கால மேலங்கிகளைத் தொங்கவிடுவதற்கென்று, இரட்டைக் கதவு போட்ட ஆழமான அலுமாரி. இவ்விரண்டும் பின்னர் வரப்போகின்றன என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்த அறையை வாரநாட்களில் ஓர் அக்கா நடத்திவந்தார். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். இங்கே காலையில் ஒரு துணிக் கடையில் வேலை, பின்னேரத்தில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள். தாய்மார் பலர் இரண்டாவது ஷிப்றுக்குத் தொழிற்சாலைகளுக்குப் போவார்கள். தகப்பன்மார் காலை ஷிப்ற் முடிந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி வந்துசேர மாலையாகிவிடும். தாய் போய்த் தகப்பன் வரும்வரையான அந்த இடைவெளியில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பைகளோடு நேரே இந்த அறைக்கு வருவார்கள். அக்கா வீட்டுப்பாடம் பார்ப்பார், பாண் துண்டில் முட்டை வைத்துக் கொடுப்பார், சண்டை பிடிப்பவர்களை நடுவில் ஒரு கதிரை விட்டு இருத்துவார். என் பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த இடைவெளி இன்னும் நீளமானது. அவளுடைய கணவர் அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். சின்னப்பிள்ளைகள் இருவரையும் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். வேலை இல்லாமற் போனால் கணவரைக் கூப்பிடுவது கைகூடாது என்று அவள் உறுதியாக நம்பினாள். எனவே அந்த அறை இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால், அவளுடைய கணக்கின்படி, கணவரும் இல்லை.

இதே அறையை வேண்டி நின்ற இன்னொருவர், நாங்கள் எல்லோரும் பெரியண்ணை என்று அழைத்தவர். ஊரில் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவல் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தம்முடைய வீட்டுக் கூடத்தில் தேவாரம் படிப்பித்து, சுண்டல் கொடுத்து ஒரு சிறிய கூட்டத்தைச் சேர்த்திருந்தார். கூட்டம் பெருகி, செருப்புகள் நடைகூடத்தில் எதிர்வீட்டு வாசல்வரை போய், எதிர்வீட்டு ஜமெய்க்கப் பெண்மணி ஒருநாள் தவறான சோடியோடு வேலைக்குப் போகும் நிலை வந்தபோது, ஒரு கோயில் தேவை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். இடம் தேடுவதற்கு முன்பே சாமிச் சிலைக்குச் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் செதுக்கிய கருங்கற் பிள்ளையார், கப்பலேறி, மரப்பெட்டிக்குள் வந்து இறங்கினார்.

இறங்கியவரை அதற்குமேல் நகர்த்த முடியவில்லை. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், சாமான் ஏற்றும் எலிவேற்றருக்குப் பக்கத்தில் பெட்டி நின்றுவிட்டது. கட்டடத்தைப் பராமரித்த போர்த்துக்கேயரை நாங்கள் சுப்பர் என்போம். அவர் வந்து பெட்டிக்குள் என்ன என்று கேட்க, பெரியண்ணை கடவுள் என்றார். சுப்பர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தீயணைப்புக் குழாய்க்கு வழி விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து காரெடுக்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் ஒரு பூவை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே முகம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் சிலர் சுற்றிவந்து நான்கு பக்கமும் கும்பிட்டார்கள். பிள்ளைகள் அவருக்குப் பெட்டிப் பிள்ளையார் என்று பெயர் வைத்தார்கள்.

பெட்டிப் பிள்ளையாரைப் பொது அறையில் பிரதிட்டை செய்வது பெரியண்ணை தரப்பின் எண்ணம். பிரதிட்டை என்றால் அது வெள்ளிக்கிழமையோடு நிற்காது. தினப் பூசை, விளக்கு, ஆசாரம் எல்லாம் வரும். சப்பாத்துக் காலும் முட்டைப் பாணும் அங்கே நுழைய முடியாது. "பிள்ளையளைப் பிள்ளையார் கோவிப்பாரே?" என்று ஆரம்பத்தில் சிலர் சமாதானம் சொன்னாலும், இரண்டும் ஓர் அறைக்குள் நடவாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறையை எதற்குப் பயன்படுத்துவதென்று குடியிருப்பாளர்களே கூடி முடிவெடுக்கலாம் என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கை உயர்த்தி முடிவு.

அதற்குள் எலிவேற்றரில் முகம் திருப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே மாடியில் இருப்பவர்கள், ஒரே ஷிப்றுக்குப் போகிறவர்கள், ஒரு வீட்டில் கறிவேப்பிலை முடிந்தால் மற்ற வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள். இதைப் பார்த்த குடியிருப்பாளர் சங்கத்தினர் எங்கள் சனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு பரிகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். சண்டை மூளாமலிருக்க, முதல்நாள் சனிக்கிழமை ஒரு பட்டிமன்றம் வைப்பது. இரண்டு தரப்பையும் ஒரே மேடையில் ஏற்றி, வேறு ஏதாவது ஒன்றைப் பற்றிச் சண்டை பிடிக்கவிட்டு, சிரிக்க வைத்து, றோல்ஸும் தேநீரும் கொடுத்து அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை மனம் இளகியிருக்கும் என்பது திட்டம்.

அந்த வேறு ஏதாவது ஒன்றைத் தேடும் பொறுப்பு நடுவராகிய எனக்கு. இது இலகுவான காரியமல்ல. கல்வியா செல்வமா என்று வைத்தால், பட்டம் பெற்றுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் மனம் நோவார்கள். கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று வைத்தால், மாமியாரை அழைப்பித்தவர்களும் அழைப்பிக்காதவர்களும் எழுந்து நிற்பார்கள். ஊரைப் பற்றிய எந்தத் தலைப்பும் அந்தக் காலத்தில் மேடையில் தொடக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே எவருக்கும் சொந்தமில்லாத, எவரும் போகாத, எவருடைய உறவினரும் குடியேறாத ஓர் இடம் வேண்டும் என்று முடிவுசெய்து, நூலகத்தில் படப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். ஈஸ்டர் தீவு அகப்பட்டது. அகன்ற நெற்றியும் நீண்ட காதும் கொண்ட அந்தக் கற்சிலைகளைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவர்களைப் பற்றி யார் சண்டை பிடிக்கப் போகிறார்கள்?

தலைப்பை இப்படி எழுதிக் கொடுத்தேன்: தீவிலே சிலைகள் எழுந்தது பக்தியாலா, போட்டியாலா? பெரியண்ணை பக்திக்குப் பேசுவது இயல்பு. எஞ்சிய போட்டியை அக்காவுக்குக் கொடுத்தேன். வானத்திலிருந்து வந்தவர்கள் கட்டினார்கள் என்ற கதையை மட்டும் எவரும் எடுக்கக்கூடாது என்று ஒரு விதியும் வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. புத்தகத்தின் பக்கங்களைப் பிரதியெடுத்து இரு தரப்புக்கும் சமமாகக் கொடுத்தேன்.

மேடையென்று நாங்கள் சொன்ன பலகையில் ஏறி அமர்ந்து, இடப்பக்கம் பெரியண்ணையையும் வலப்பக்கம் அக்காவையும் பார்த்தபோதுதான் நான் செய்துவைத்த காரியம் விளங்கியது. முன்வரிசையில் இருந்த என் அறைத்தோழிக்கு அது எனக்கு முன்னரே விளங்கியிருந்தது. எட்டி என் காதில் சொன்னாள்:

"அடியேய், நாளைக்கு நடக்கிற கூட்டத்தை நீ இண்டைக்கே வைச்சிட்டாய்."

பெரியண்ணை எழுந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, ஊரில் புகைவண்டி வருவதை அறிவித்த அதே குரலில் தொடங்கினார்.

"நடுவர் அவர்களே, ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நாலு பக்கமும் கடல். அடுத்த ஊர் எங்கை இருக்கெண்டே தெரியாது. வந்த வள்ளம் உக்கிப்போச்சு. திரும்பிப் போற கதையில்லை. அப்பிடித் தனிச்சுப்போன சனம் என்ன செய்யும்? நிலையா நிக்கிற ஒண்டைத் தேடும். காத்து வந்தாலும் மழை வந்தாலும் அசையாத ஒண்டு. தங்கடை முன்னோர் எங்களோடைதான் நிக்கினம் எண்டு காட்ட ஒண்டு. இதிலை போட்டி எங்கையிருந்து வந்தது? எதிர்த்தரப்புத் தங்கச்சியைக் கேக்கிறன், எங்களைப்போலை தனிச்சுப்போன உங்களுக்கு இது விளங்கேல்லையோ?"

தீவைப் பற்றியே பேசினார் என்றாலும், எவரும் தீவை நினைக்கவில்லை. அவருடைய ஊர்க் கோயில் இப்போது எந்த நிலையில் இருக்கிறதென்று அவருக்குச் செய்தி வந்து நெடுநாளாகியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தார். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"அண்ணை நல்லாச் சொன்னார். எனக்கே கண் கலங்கிப்போச்சு. ஆனா ஒரு கேள்வி. தனிச்சுப்போன சனத்துக்கு ஒண்டு காணாதோ? நூற்றுக்கணக்கிலை ஏன்? இந்தக் கூட்டம் ஒண்டு வைச்சா அந்தக் கூட்டம் அதைவிட ஒரு முழம் கூட. உது எங்கையோ கேள்விப்பட்ட மாதிரி இல்லையே?"

சிரிப்பு. நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் அப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

"புத்தகத்திலை பாருங்கோ. கல் உடைச்ச மலையிலை இன்னும் ஒருத்தர் படுத்திருக்கிறார். எழும்பினா எங்கடை கட்டடத்திலை ஏழாம் மாடி ஆக்களோடை சன்னலாலை கதைப்பார். அவரைத் தூக்கேலாது எண்டு செதுக்கின ஆக்களுக்குத் தெரியாதோ? தெரியும். தெரிஞ்சும் ஏன் செதுக்கினவை? பக்கத்துக் கூட்டம் பாத்துக்கொண்டு நிண்டிருக்கும்! உந்தச் சிலையளை இழுக்கத்தான் மரமெல்லாத்தையும் வெட்டினவை எண்டும் சிலர் எழுதினம். மரம் போச்சு, வள்ளம் போச்சு, பிறகு மீனும் இல்லை. சிலை பெரிசாப் பெரிசாப் பிள்ளையளின்ரை கோப்பை சின்னனாப் போகும். அதைத்தான் நான் சொல்லுறன்."

பக்கத்து வீட்டுக்காரி எல்லோருக்கும் முந்திக் கைதட்டினாள். பின்வரிசையில் பெரியண்ணையின் ஆட்கள், "தங்கச்சி தீவுக்கு வாங்கோ, ரொறொன்ரோவை விடுங்கோ!" என்று குரல் கொடுத்தார்கள். "நான் தீவிலைதானே நிக்கிறன், நீங்கள் ஏன் துள்ளுறியள்?" என்றார் அக்கா.

சூடு ஏறிவிட்டதென்று கண்டு, அக்காவின் அணியில் இருந்த கணினிக்காரரை அவசரமாக அழைத்தேன். அவர் சென்னைக்காரர், எங்கள் கட்டடத்துக்கு அண்மையில்தான் வந்திருந்தார். எங்கள் சண்டைகளில் எந்தப் பக்கமும் சேராதவர்.

"மேடம், எல்லாருக்கும் வணக்கம். ஏன் கட்டினாங்கன்னு ரெண்டு பேரும் அழகாப் பேசிட்டாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராம இருந்தது வேற விஷயம். அதை எப்படிங்க நகர்த்தினாங்க? அந்த ஊர் ஜனங்களைக் கேட்டா, சிலையெல்லாம் தானா நடந்து வந்துச்சுன்னு சொல்றாங்களாம். சும்மா கதைன்னு எல்லாரும் தள்ளிட்டாங்க. ஆனா சிலர் கயித்தைக் கட்டி, நிக்க வச்சே, இந்தப் பக்கம் சாய்ச்சு அந்தப் பக்கம் சாய்ச்சு நகர்த்திப் பாத்திருக்காங்க. நகருது!"

"விடுங்கோ கதை!" என்றது ஒரு குரல்.

"கதை இல்ல சார், இப்பவே காட்டுறேன்."

மனிதர் மேடையிலிருந்து இறங்கி நேரே பிறிட்ஜிடம் போனார். செருகியைக் கழற்றினார். அதைத் தோளோடு அணைத்து ஒரு மூலையில் சாய்த்து, மறுமூலையை முன்னே தள்ளினார். பிறகு இந்தப் பக்கம் சாய்த்து அந்த மூலையைத் தள்ளினார். உள்ளே சிற்றுண்டிக்கென்று வைத்திருந்த சோடாப் போத்தல்கள் கலகலவென்று ஆடின. பிறிட்ஜ், நிறைமாதப் பெண்ணைப்போல, தளும்பித் தளும்பி நடந்து வந்தது.

அறை எழுந்து நின்றுவிட்டது. சென் ஜேம்ஸ் ரவுணில் வீடு மாறியவர்களில் பிறிட்ஜை இப்படி நடத்தியிராதவர் யார்? "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று ஆளுக்கொரு கட்டளை. பெரியண்ணையே கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "தம்பி, கால் கவனம், கால் கவனம்!" என்று ஒரு கை கொடுக்கப் போய்விட்டார். மேடைக்கு முன்னால் வந்து பிறிட்ஜ் நின்றபோது எழுந்த ஆரவாரம் பட்டிமன்றத்தில் எந்தப் பேச்சுக்கும் கிடைக்கவில்லை.

"அது சரி, நீங்கள் இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நான் பிறிட்ஜ் பக்கம்ங்க மேடம்."

அதைத் திருப்பிக் கொண்டுபோக எவருக்கும் தோன்றவில்லை. மீதிப் பட்டிமன்றம் முழுவதும் அது எனக்குப் பக்கத்திலேயே நின்றது.

இறுதிச் சுற்றில் பெரியண்ணை ஒரு படப் பக்கத்தை உயர்த்திக் காட்டினார். குரலில் வெற்றி தெரிந்தது.

"நடுவர் பிள்ளை, நீங்கள் தந்த புத்தகத்திலையே இருக்கு. மலையிலை கிடக்கிற சிலைக்கும் வழியிலை நிக்கிற சிலைக்கும் கண் இல்லை. மேடையிலை ஏத்தி, ஊரைப் பாக்க நிப்பாட்டினாப் பிறகுதான் கண்குழி வெட்டி, வெள்ளைப் பவளத்திலை கண் வைச்சிருக்கினம். அது என்ன? கண் திறத்தல்! எங்கடை ஆகமத்திலை உள்ளது அப்பிடியே. பவுசுக்கு வைச்ச கல்லுக்கு ஆர் கண் திறப்பினம்? இன்னுமொண்டு. அவையள் கடலைப் பாக்கேல்லை. கடலுக்கு முதுகு, ஊருக்கு முகம். தங்கடை சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம். இது பக்தி இல்லாட்டி எது பக்தி?"

உண்மையிலேயே அது நல்ல வாதம். பின்வரிசை தரையை உதைத்து ஆரவாரித்தது. அக்கா எழுந்து, "ஒரே ஒரு கேள்வி கேக்கலாமே, நடுவர்?" என்றார். அனுமதித்தேன்.

"அண்ணை, எங்கடை பெட்டிப் பிள்ளையாருக்குக் கண் திறந்தாச்சோ?"

"இல்லையே. கருமணி கீறாமல்தான் அனுப்பினவை. இருக்கிற இடத்திலை வைச்சுத்தான் திறக்கவேணும்."

"அப்ப அவர் இன்னும் வழியிலைதானே நிக்கிறார்?"

பெரியண்ணை படப் பக்கத்தை மடித்துக்கொண்டு அமர்ந்தார்.

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சொன்ன கேள்வி என்னைப் பிடித்த கணம் இதுதான். பக்தி என்று நான் சொன்னால், நாளைக்கு உயரப்போகும் கைகளுக்கு இன்றே ஒரு காரணம் கொடுத்தவளாவேன். பக்கத்து வீட்டுக்காரி மடியில் இளையவனை வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். போட்டி என்று சொன்னால், ஊரை இழந்து வந்து ஒரு கல்லைத் தேடிக்கொண்ட மனிதரைப் பவுசுக்காரர் என்று அயலார் முன்னிலையில் அறிவித்தவளாவேன். அதற்குப் பின் அவர் அந்த எலிவேற்றரில் எப்படி ஏறுவார்? இரண்டும் சரி என்று நழுவுவதற்கு வாய் திறந்தேன்.

"தீவு மக்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை என்பதால், அறுதியாக..."

"நடுவர் நழுவுறா!" என்று யாரோ கத்த, அறை முழுவதும் கதிரைகளில் தட்டத் தொடங்கியது. "தீர்ப்பு! தீர்ப்பு!" பட்டிமன்றத்துக்கு வந்தவர்கள் தீர்ப்பில்லாமல் போகமாட்டார்கள், அது அவர்களுடைய உரிமை. விளைவுகளை எத்தனை முறை நிறுத்துப் பார்த்தாலும் தராசு நேராகவே நின்றது. ஆகவே விளைவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, சொல்லப்பட்ட வாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்படி நான் செய்தது அதுவே முதல் தடவை.

"எதிரணித் தலைவி சொன்ன போட்டி, சிலைகள் ஏன் பெருகின, ஏன் பெரிதாகின என்பதை விளக்குகிறது. ஆனால் முதலாவது சிலையை அது விளக்கவில்லை. அதை வைத்தபோது போட்டி போட வேறு சிலை இருக்கவில்லை. ஆகவே பக்தி அணியே வென்றது."

பின்வரிசை எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆரவாரம் அடங்கியதும் தொடர்ந்தேன்.

"தீர்ப்பு முடியவில்லை. பக்தி அணி வென்றது அவர்களுடைய சொந்த வாதத்தால். கல் தனக்குரிய இடத்தில் நின்று, தன் சனத்தைப் பார்த்துக் கண் திறக்கும்போதுதான் தெய்வமாகிறது என்பது அந்த வாதம். அதை இந்த மன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனவே வென்றவரிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் பிள்ளையாருக்கு உரிய இடம் இந்த அறையா?"

பெரியண்ணை குப்பைத் தொட்டி தெரியும் சன்னலைப் பார்த்தார். முனகுவதை நிறுத்தியிருந்த பிறிட்ஜைப் பார்த்தார். மேடையோரச் சுவரில் அக்காவிடம் வரும் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்று தும்பிக்கை நீட்டிய ஒரு மரப்பெட்டி. அதை அவர் கண்டதும் முகம் இளகியதை நான் பார்த்தேன்.

"இது வாடகை இடம்," என்றார் மெதுவாக. "நாளைக்கு நிர்வாகம் மாறும். வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லும். கண் திறந்துபோட்டு, பிறகு எழும்பு எண்டு சொன்னா... எங்களை ஒருக்கா எழுப்பினது காணும். அவரையும் எழுப்பேலாது." என் பக்கம் திரும்பினார். "கண் திறக்கிறது எங்கடை சொந்த இடத்திலைதான். ஆனா பிள்ளை, அதுவரைக்கும் அவரைக் காருகளுக்கு நடுவிலை விடச்சொல்லுறீரோ?"

அப்போது முன்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, மடியில் பிள்ளையோடு, எழுந்திராமலே கேட்டாள்:

"உந்தக் கோட்டு அலுமாரிக்குள்ளை விட்டா என்ன? கதவு இருக்கு. வெள்ளிக்கிழமை பிள்ளையள் போனாப் பிறகு திறப்பம், மற்ற நாளிலை சாத்துவம். கண் திறக்காதவருக்கு முட்டைப் பாண் தெரியாதுதானே?"

முதலில் சிரித்தவர் பெரியண்ணை. அவர் சிரித்தபிறகு சிரிக்கலாமா என்ற சந்தேகம் எவருக்கும் இருக்கவில்லை. "கோட்டுக்கு எங்கை போறது?" என்று ஒருவர் கேட்க, "நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே கும்பிடுங்கோவன், ஹீற்றர் எப்பவும் பழுதுதானே!" என்றார் அக்கா.

"வெல்ல வைச்சுத் தோக்கடிச்சிட்டீர், பிள்ளை," என்று பெரியண்ணை என்னிடம் சொன்னார். கோபம் இருக்கவில்லை. பிறகு பிறிட்ஜைத் திறந்து, ஆடி நுரைத்துப் போயிருந்த சோடாப் போத்தலொன்றை அக்காவிடம் நீட்டினார். அக்கா மூடியைத் திறந்தபோது இருவருமே நனைந்தார்கள். அப்படித்தான் சிற்றுண்டி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் கை உயர்த்தவில்லை, கை கொடுத்தார்கள். சுப்பரின் மேற்பார்வையில், சென்னைக்காரரின் கட்டளைப்படி, பெட்டியை எலிவேற்றருக்குள்ளும் அதிலிருந்து நடைகூடத்திலும் பிறிட்ஜை நடத்தியதுபோலவே சாய்த்துச் சாய்த்து நடத்தி வந்தார்கள். பெட்டியைப் பிரித்தபோதுதான் நாங்கள் வாரக்கணக்காக நின்று பூ வைத்த பக்கம் அவருடைய முதுகு என்று தெரிந்தது. "கடலுக்கு முகம், எங்களுக்கு முதுகு!" என்று என் அறைத்தோழி சொல்ல, பெரியண்ணையும் சேர்ந்து சிரித்தார். அலுமாரிக்குள் அவரை அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். திங்கட்கிழமை பின்னேரம் பிள்ளைகள் வழக்கம்போலப் பைகளோடு வந்தார்கள். அவர்களில் சிலர் கதவை ஒரு விரலளவு திறந்து, "வந்திட்டம்" என்று அறிவித்துவிட்டுப் பாண் சாப்பிடப் போனதாக அக்கா சொன்னார்.

சில வருடங்களின் பின் பெரியண்ணையின் கூட்டத்தார் ஸ்காபரோவில் தங்களுக்கென்று ஓர் இடம் எடுத்தார்கள். அன்று பிள்ளையாரை அலுமாரியிலிருந்து வாகனம்வரை நடத்திக்கொண்டு போனவர்களில் பக்கத்து வீட்டுக்காரியின் கணவரும் ஒருவர். வந்து சேர்ந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது அவருக்கு. இப்படியெல்லாம் சாமியை நகர்த்துவார்களா என்று அவர் பதற, எங்கள் கட்டடத்தவர்கள் அவருக்கு ஈஸ்டர் தீவைப் பற்றி விளக்கம் கொடுத்தார்கள். அதில் பாதி பிழை.

அதன் பிறகு அலுமாரிக்கு மேலங்கிகள் திரும்பி வந்தன. அறை வாரத்தின் எல்லா நாட்களிலும் பிள்ளைகளுடையதாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அக்கா அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்காபரோவுக்கு அழைத்துப் போனார். பட்டிமன்றம் ஆண்டுதோறும் நடந்தது. தலைப்புத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடமே இருந்தது. தூரத்துத் தீவுகளைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன், கட்டடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையையே தலைப்பாக வைத்தோம்.